தூத்துக்குடிக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு: இரண்டு இரவு, மூன்று விடியல்

திருச்செந்தூருக்குப் போகிற வழியில் தூத்துக்குடியில் இறங்கி, ஒரு டீ குடித்து, அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறவர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்துவருகிறேன். "ஊரில் பார்க்க ஒன்றும் இல்லையே" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு வலிக்கும். அவர்கள் வந்த நேரம் அப்படி. பகல் பதினொரு மணிக்கு எங்கள் ஊரில் வெயிலும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படும். விடியலுக்கு முன் உப்பளத்திலும், இரவு ஒன்பது மணிக்கு மீன்பிடித் துறைமுகத்திலும் வந்து நின்று பாருங்கள், அப்போது பேசுவோம்.

தூத்துக்குடி சுற்றுலாவுக்காக அலங்கரித்துக்கொண்ட ஊர் அல்ல. உப்பும் மீனும் சரக்கும் கைமாறுகிற உழைப்பாளிகளின் ஊர். ஆகவே உங்கள் நேரத்தை அவர்களுடைய வேலை நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இரவு தங்கினால் போதும், மூன்று விடியல் கிடைக்கும். அந்த மூன்றையும் எப்படிச் செலவிடுவது என்று என் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது வருவது

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதமானவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மழை குறைந்த ஊர் என்று பெயர்தான், ஆனாலும் நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரயிலும் சாலையும் நின்றுபோய், ஊர் தனித்தீவாகக் கிடந்தது.

மீனுக்காக வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களைத் தவிர்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு அது மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் போவார்கள், மீன் கிடைக்கும், ஆனால் துறைமுகத்தின் ஆரவாரம் இருக்காது.

கூட்டம் பிடிக்கும் என்றால் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை வாருங்கள். பனிமய மாதா கோயிலில் கொடியேறி, ஆகஸ்ட் 5 அன்று பெருவிழா. அந்தப் பதினோரு நாளும் வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்பியிருப்பார்கள். லாட்ஜில் அறை கிடைப்பது கடினம், முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

வந்து இறங்குவது

சென்னையிலிருந்து வருவதென்றால் என் வாக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸுக்குத்தான். எழும்பூரில் மாலையில் ஏறினால் காலையில் தூத்துக்குடி. கடைசி ஒரு மணி நேரம் தூங்கிவிடாதீர்கள். வாஞ்சி மணியாச்சி சந்திப்பில்தான் எங்கள் பாதை தனியாகப் பிரிகிறது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டு, தன்னையும் மாய்த்துக்கொண்ட ரயில் நிலையம் அது. அதைத் தாண்டிக் கரிசல் மண்ணும் பனையும் வேலிக்காத்தானும் பின்னால் போகப் போக, ஜன்னல் காற்றில் ஈரமும் உப்பும் ஏறும். அந்த வாசனை மூக்கில் பட்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் பையை இறக்க எழுந்துவிடுவார்கள்.

விமானத்தில் வந்தால் வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து நகரம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எங்களுக்குப் பழைய பஸ் நிலையம், புதிய பஸ் நிலையம் என்று இரண்டு உண்டு. உங்கள் பஸ் எதில் நிற்கும் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்குவதற்குப் பழைய பஸ் நிலையத்தைச் சுற்றிய பகுதி நல்லது. கடற்கரை, கடைத்தெரு, சாப்பாடு எல்லாம் எட்டும் தூரம்.

இன்னொன்று. கடைக்காரரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுங்கள். மீன் விற்கும் பெண்களை "அக்கா" என்றோ, வயதானவர் என்றால் "பாட்டி" என்றோ அழையுங்கள். "ஹலோ", "எக்ஸ்கியூஸ் மீ" இரண்டுக்கும் இங்கே முகம் திரும்பாது. "அண்ணாச்சி" என்ற ஒரு சொல்லுக்கு வழி, விலை, எந்தக் கடையில் எது நன்றாயிருக்கும் என்ற ரகசியம் எல்லாம் கிடைக்கும்.

முதல் காலை: பீச் ரோடு

குளித்துவிட்டு, வெயில் ஏறும் முன் பீச் ரோட்டுக்கு நடங்கள். முதலில் பனிமய மாதா பேராலயம். 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர்களின் தாய்வீடு அது. இப்போதுள்ள ஆலயம் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது, 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. பெரியவர்கள் இன்றும் "தஸ்நேவிஸ் மாதா" என்பார்கள். பனிக்குப் போர்த்துகீசிய மொழியில் உள்ள சொல் அது. பனியே பார்த்திராத கடற்கரையில், ஆகஸ்ட் வெயிலில், பனிமாதாவுக்குத் திருவிழா எடுக்கிற ஊர் எங்களுடையது. திருவிழாவுக்குத் தங்கத் தேர் எல்லா ஆண்டும் ஓடாது. சிறப்பு ஆண்டுகளில் மட்டும்தான், 2013இலும் 2023இலும் ஓடியது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சற்று நேரம் சும்மா உட்காருங்கள். கடலுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் இங்கே வந்து நிற்கிறவர்களைப் பார்ப்பீர்கள்.

அதே சாலையில் டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் சிறியதாக, அடக்கமாக நிற்கிறது. போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர்கள் கைக்கும், கடைசியாக 1825இல் ஆங்கிலேயர் கைக்கும் போன ஊர் இது. நகருக்குள்ளே சங்கர ராமேஸ்வரர் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காலை நடை சாத்தும் முன் அங்கேயும் போய்விடுங்கள்.

இனி பழைய துறைமுகம். அதன் அருகே நின்றால் தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். பெயர்தான் தோணி, பார்த்தால் மரத்தில் கட்டிய சிறு கப்பல். காய்கறி, சிமென்ட், கட்டுமானப் பொருள் என்று ஏற்றிக்கொண்டு இவை இன்றும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வருகின்றன. தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும் மாதங்களில் கரையில் ஓய்வெடுக்கும், பழுது பார்ப்பார்கள். மரத்தின் இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கும் தட்டல் சத்தம் அப்போது கேட்கும். என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அங்கே கூட்டிப்போய், எந்தத் தோணி எங்கே போகிறது என்று சுமை இறக்குகிறவர்களிடம் கேட்டுச் சொல்வார். உலகப் படத்தை நான் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அங்கேதான் கற்றேன்.

இந்தக் கரையில் நிற்கும்போது வ.உ.சி.யை நினைக்காமல் இருக்க முடியாது. பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வக்கீல் அவர். ஆங்கிலேயக் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்த தூத்துக்குடி – கொழும்புத் தடத்தில் போட்டியாகக் கப்பல் விட 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களையும் வாங்கிக் கொண்டுவந்தார். 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். அடுத்த மாதமே கைது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. 1936 நவம்பர் 18 அன்று இதே ஊரில்தான் கண் மூடினார். புதிய துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயர் சூட்டப்பட்டபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்களும் இந்த ஊருக்கு ரயிலில் வந்து இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது.

நண்பகல்

மீன் குழம்புச் சாப்பாடு, பிறகு தூக்கம். உச்சி வெயிலில் சுற்றாதீர்கள்.

சாப்பிடும் முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் வஞ்சிரம் என்பதை நாங்கள் சீலா என்போம். சென்னையில் ஷீலா என்கிற நீள மூக்கு மீன் எங்களுக்கு ஊளி. சாளை என்றால் மத்தி. வெளியூர்க்காரர்களுக்குச் சீலாவைத்தான் காட்டுவார்கள், விலையும் அதற்குத்தான் அதிகம். என் கருத்தில் குழம்புக்கு விளமீனும் சாளையும்தான் பொருத்தம். அன்று காலை என்ன வந்ததோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

குடிக்கும் தண்ணீருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கடலோரம் என்பதால் நிலத்தடி நீர் உப்பு. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டுத் தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தார். நகருக்குள் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் பிறந்த நாளில் மாலை போட இன்றும் ஆள் வருகிறது.

மாலை: மக்ரூன்

நான்கு மணிக்குக் கிளம்பி கிரேட் காட்டன் ரோட்டுப் பக்கம் வாருங்கள். பெயரிலேயே பருத்தி இருக்கிறது பாருங்கள். பருத்தி மூட்டைகள் கப்பலேறிய காலத்தின் மிச்சம் அது. பேக்கரிகளின் வாசலில் நிற்கும்போதே சூடான முந்திரி வாசனை வரும்.

மக்ரூனுக்கு மூன்றே பொருள்தான்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. வெள்ளைக்கருவை நுரை நுரையாக அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, சங்கு முனைபோலத் தட்டில் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பார்கள். பல்லில் பட்டதும் மேல்பக்கம் பொடிய வேண்டும், நடுவில் இலேசாக ஒட்ட வேண்டும். போர்த்துகீசியர் விட்டுப்போன கைப்பக்குவம் என்று ஊரில் சொல்வார்கள். முந்திரி போட்டு அதை எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

வாங்கும்போது இதைச் செய்யுங்கள். "இன்றைக்குப் போட்டதா, அண்ணாச்சி?" என்று கேளுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் ஈரமாக இழுத்தால் சூடு போதவில்லை, முழுக்க மாவாக உதிர்ந்தால் முந்திரி குறைவு. பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் காற்றிலுள்ள ஈரம் ஏறி அரை நாளில் தளர்ந்துவிடும், எனவே ஊருக்கு எடுத்துப் போவதைக் கடைசி நாளில் வாங்குங்கள். இப்போது நூறு கிராம் வாங்கி, ரோச் பூங்காப் பக்கம் போய்க் கடல் காற்றில் சாப்பிடுங்கள்.

இரவு: ஏலமும் பரோட்டாவும்

எங்கள் விசைப்படகுகள் விடியலுக்கு முன் கிளம்பி அன்றிரவே கரை திரும்பும். அதனால் மீன்பிடித் துறைமுகத்தின் உச்ச நேரம் இரவுதான். எட்டு மணி போல் போங்கள். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்று பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை.

கண்ணுக்கு முன்னால் படகு வந்து அணையும். ஐஸில் புதைந்த மீன் கூடைகூடையாக இறங்கும். ஏலக்காரர் தொகையைச் சொல்லச் சொல்ல, வியாபாரிகள் தலையசைப்பிலும் விரல் அசைவிலும் கேட்பார்கள். சில நொடிகளில் ஒரு குவியல் முடிந்து அடுத்தது. கணவாய், நண்டு, இறால், பெயர் தெரியாத பாறை மீன்கள். பிடிபட்டு நாள்கணக்கில் ஆன மீனையே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பளபளப்பு திகைப்பாக இருக்கும்.

தரை வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். கூடை சுமந்து வருகிறவருக்கு முதலில் வழி விடுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். ஒரு நாள் முழுக்க அலையில் நின்றுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

வெளியே வந்ததும் பரோட்டாக் கடை. எண்ணெயில் பொரித்த சிறு பரோட்டா, மொறுமொறுவென்று இருக்கும். கையால் நொறுக்கி, இலை நிறையச் சால்னா ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். உடனே சாப்பிட்டால் மொறுமொறுப்பு, கொஞ்சம் பொறுத்தால் மெத்து. இரண்டையும் பார்த்துவிடுங்கள். கொத்து பரோட்டா போடும் கரண்டித் தாளம் தெருமுனை வரை கேட்கும், எந்தக் கடையில் கூட்டம் என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் விடியல்: உப்பளம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கட்டாயம் என்பேன் என்றால், அது இதுதான். ஐந்து மணிக்கு ஆட்டோ பேசி வைத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு வரை போனால் போதும், இருபக்கமும் உப்புப் பாத்திகள். பிப்ரவரி முதல் மழை தொடங்கும்வரை வேலை நடக்கும்.

இங்கே உப்பு பெரும்பாலும் நேரடிக் கடல்நீரில் விளைவதில்லை. கடலோர நிலத்தடியில் கிடைக்கும், கடலைவிட உப்பேறிய நீரை மோட்டாரால் இறைத்து, பாத்தியிலிருந்து பாத்திக்கு விட்டுக் காயவைப்பார்கள். வெயிலும் காற்றும் நீரை வாங்கிக்கொள்ள, அடியில் பளிங்காக உப்பு திரளும். அதை நீண்ட வாருபலகையால் இழுத்து வரப்பில் குவிப்பது மனிதக் கை. ஆண்கள் வார, பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டுவதை இன்னும் பார்க்கலாம். பொழுது விடிவதற்குள் பாதி வேலை முடிந்துவிட வேண்டும். சூரியன் ஏறியதும் வெண்பரப்பில் பட்டுத் திரும்பும் கூச்சம் கண்ணை அறுக்கும், உப்புநீர் பாதத்தைப் புண்ணாக்கும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு.

விடியும் நேரத்தில் பாத்திகளில் வானம் முழுதும் இறங்கிக் கிடக்கும். இளஞ்சிவப்பு, பிறகு பொன், பிறகு கண்கொள்ளாத வெள்ளை. வரப்பில் மட்டும் நடங்கள், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், விளையும் உப்பில் மண் கலந்துவிடும். வேலை செய்கிறவர்களிடம் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். தண்ணீர் பாட்டில் கூடுதலாக எடுத்துப்போய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அங்கே நல்ல தண்ணீர் அருமை.

துறைமுகமும் முயல் தீவும்

புதிய துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழமில்லாத கரை என்பதால் முன்பு கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன, படகில்தான் போய் ஏற வேண்டும். அதனால் கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல்லணைகளைக் கொட்டி, நடுவில் அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. பக்கத்திலுள்ள முயல் தீவுக் கடற்கரைக்குப் பகலில் போகலாம். பாண்டியன் தீவு என்றும் சொல்வார்கள், கலங்கரை விளக்கம் உண்டு. காணும் பொங்கலன்று ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். நுழைவு நேரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எதிரே மன்னார் வளைகுடா. கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலாங்குச்சல்லி மூழ்கிப்போனது. பவளப்பாறைகளை ஆண்டாண்டாக வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் பைக்குள் போடாதீர்கள், சட்டப்படி குற்றம். முத்துநகர் என்று பெயர் இருப்பதால் முத்து தேடுவார்கள். இங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். இன்று கடைகளில் "தூத்துக்குடி முத்து" என்று காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் விடியல்: தெரேஸ்புரம்

கடைசி நாள் காலை தெரேஸ்புரம். இது நாட்டுப்படகுக் கரை. வலையைச் சிக்கெடுக்கிறவர்கள், வள்ளத்தைத் தள்ளுகிறவர்கள், பேரம் பேசும் பெண்கள். சங்குகுளிக்கப் போகிறவர்களும் இங்கேதான். முத்து போன பிறகும் சங்கு இருக்கிறது. இந்தக் கடலில் எடுத்த சங்குதான் வங்காளத்தில் மணப்பெண்ணின் கையில் வளையலாக ஏறுகிறது. மூச்சடக்கிக் கல்லைக் கட்டி இறங்கிய தாத்தாக்களின் பேரன்கள் இன்று காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். காற்றின் பெயரில் பதில் வரும்: கொண்டல், கச்சான், வாடை. ஒரு டீ ஆறும் வரை பேசுவார்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் தெற்கே மணப்பாடு, கொற்கை, ஆதிச்சநல்லூர், வடக்கே பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம். எல்லாமே இந்த மாவட்டம்தான். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கையில் இன்று வயலும் வாழையும்தான், கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. எனக்கு அது மிகப் பிடித்த இடம்.

கிளம்பும் நாள்

இரவு ரயிலென்றால் ஐந்து மணிக்குள் மக்ரூன் வாங்கிவிடுங்கள், திருவிழாக் காலத்தில் மாலையிலேயே தீர்ந்துவிடும். ஈரம் புகாத எவர்சில்வர் டப்பா ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுவந்தால் நல்லது. கருவாடு வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டச் சொல்லி, அதைத் தனிப் பையில் வையுங்கள். உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் பழைய பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். மக்ரூன் டப்பாவைப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டாம், கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.